மவுத் ஆர்கன் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

மவுத் ஆர்கன் வாங்கிய புதிதில் எழும் எல்லாப் புகாரும் கருவியின் தலையில்தான் விழுகிறது. இரண்டாம் துளை அடைத்திருக்கிறது, பத்தாம் துளை செத்துவிட்டது, கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று. ஆனால் பெரும்பாலும் கோளாறு மூச்சிலும் வாயிலும் இருக்கும். அங்கே இல்லையென்றால், வாசிக்க நினைத்த பாட்டுக்கும் கையில் இருக்கும் கருவிக்கும் பொருத்தம் இருக்காது. ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் சின்ன உலோக நாக்கு, உண்மையிலேயே கெட்டிருப்பது இந்த இரண்டுக்கும் அப்புறம்தான். அதனால் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பது கடைசி வேலை.

கீழே சொல்வதெல்லாம் முக்கியமாகப் பத்துத் துளை டயட்டானிக் (ஒரே ஸ்கேலின் ஸ்வரங்கள் மட்டும் உள்ள) மவுத் ஆர்கனுக்கு, அதிலும் ‘சி’ ஸ்கேலுக்கு. நம் ஊர்க் கணக்கில் ஒரு கட்டை. எண்கள் மேலே தெரியும்படி பிடித்தால் இடது கைப்பக்கம் கீழ் ஸ்வரங்கள், வலது பக்கம் மேல் ஸ்வரங்கள். ‘4 ஊது’ என்றால் நான்காம் துளையில் மூச்சை வெளியே விடுவது. ‘4 இழு’ என்றால் அதே துளையில் மூச்சை உள்ளே இழுப்பது. ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு ரீடுகள் இருக்கின்றன, ஒன்று ஊதினால் பேசும், மற்றது இழுத்தால் பேசும். ஆக மொத்தம் 20 ரீடுகள்.

முதலில் ஒரு சோதனை

சந்தேகப்படும் துளையின் இரு பக்கத்துத் துளைகளையும் இரண்டு ஆள்காட்டி விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். நடுவில் அந்த ஒரு துளை மட்டும் திறந்திருக்கட்டும். வாயை அகலமாக வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ‘ஹா’ என்று ஆவி விடுவோமே, அந்த அளவு மூச்சு மட்டும் விடுங்கள். பிறகு அதே மென்மையோடு உள்ளே இழுங்கள். சுத்தமாக ஒலி வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, பிரச்சினை உங்கள் உதட்டிலோ மூச்சிலோதான். இந்தச் சோதனையிலும் ஒலி வரவில்லை, அல்லது கரகரக்கிறது என்றால் கருவியைப் பார்க்கலாம். எந்த ஸ்வரம் ஒலிக்கிறது என்று காட்டும் டியூனர் செயலி மொபைலில் இலவசமாகக் கிடைக்கும், அதில் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அறிகுறி: பாடத்தில் சொன்ன துளையில் வேறு ஸ்வரம் வருகிறது

துளைகளை எண்ணிப் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு வரிசையில், வரிசைக்கு 24 சிறு சதுரத் துளைகள் இருந்தால் உங்களிடம் இருப்பது டிரெமோலோ. நம் ஊரில் விளையாட்டுச் சாமான் கடையிலும், பல இசைக்கருவிக் கடைகளிலும் ‘மவுத் ஆர்கன் கொடுங்க’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதைத்தான். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதியோ பத்துத் துளைக் கருவிக்கானவை. டிரெமோலோவில் ஒரு நெடுக்குத் துளை ஜோடி ஊதினால் மட்டும் பேசும், பக்கத்து ஜோடி இழுத்தால் மட்டும் பேசும். அதனால் ‘4 ஊது, 4 இழு’ என்கிற எண் இதில் செல்லாது.

இதைக் கோளாறு என்று நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம். டிரெமோலோவில் ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு ரீடுகள் இருக்கும். ஒன்றை மற்றதைவிடக் கடுகளவு ஏற்றி டியூன் செய்திருப்பார்கள். அந்த வித்தியாசம்தான் அந்த நடுங்கும் ஒலியைத் தருகிறது. பழைய சினிமா மெட்டுகளை நேராக, இழைத்து வாசிக்க அதுவே அழகாக இருக்கும். ஆனால் ஸ்வரத்தை வளைக்கும் பெண்டிங் வேலை அதில் நடக்காது, ப்ளூஸ் வராது. உங்களுக்குப் பிடித்தது அந்த நடுக்கமா, வளைவா என்று முடிவு செய்துவிட்டு, டிரெமோலோவுக்கான பாடத்தைத் தேடுங்கள், அல்லது பத்துத் துளை ஒன்று வாங்குங்கள். ஒன்றின் பாடத்தை இன்னொன்றில் வாசித்துப் பழகுவது வீண் வேலை.

அறிகுறி: இரண்டு மூன்று ஸ்வரம் சேர்ந்தே வருகிறது

எல்லோருக்கும் வருவது. துளை சிறியது, உதடு பெரியது. இதற்குச் சொல்லப்படும் ‘உதட்டை நன்றாகக் குவி’ என்ற அறிவுரை பாதிதான் சரி. இறுக்கிக் குவித்தால் கன்னம் வலிக்கும், ஒலியும் மெலிந்துபோகும். மாறாக, கருவியை உதட்டின் ஈரமான உட்பக்கம் வரை தள்ளிவையுங்கள். கருவியின் பின்பக்கத்தைச் சற்றே மேலே தூக்கி, துளைகள் கீழுதட்டில் பதியும்படி சாயுங்கள். மேலுதடு தளர்ந்து, தகட்டின் மேல் பாதிக்கு மேல் படர்ந்திருக்க வேண்டும். உதடு காய்ந்திருந்தால் நகராது, நாக்கால் நனைத்துக்கொள்ளுங்கள்.

துளை மாறும்போது தலையை ஆட்டாமல் கையால் கருவியை நகர்த்திப் பழகுங்கள். தலை திரும்பினால் உதடு கோணலாகும், பக்கத்துத் துளையிலும் காற்று போகும்.

இப்படிச் செய்தும் ஓரிரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் நாக்கால் மறைக்கும் முறையை முயலுங்கள். நான்கு துளைகளை வாயில் அடக்கி, இடப்பக்கம் மூன்றை நாக்கால் மூடி, வலது ஓரத்தில் மட்டும் காற்று விடுவது. சிலருக்கு முதலிலிருந்தே இதுதான் சுலபமாக வருகிறது.

அறிகுறி: 2 இழு, 3 இழு பேசவில்லை, அல்லது முனகுகிறது

அதிகமான புதுக் கருவிகள் ‘டிஃபெக்ட்’ என்று கடைக்குத் திரும்பிப் போவது இதனால்தான் என்பது என் ஊகம். 2 ஊதினால் நன்றாக இருக்கிறது, இழுத்தால் ஒரு அடைபட்ட முனகல். மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் சுத்தமாகப் பேசிவிடும்.

என்ன நடக்கிறது என்றால், உங்களை அறியாமலேயே பெண்டிங் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒன்று முதல் ஆறு வரையுள்ள துளைகளில் இழுக்கும் ஸ்வரம் ஊதும் ஸ்வரத்தைவிட உயரமானது. வாய்க்குள் இடம் குறுகி, மூச்சை உறிஞ்சி இழுத்தால் அந்த ஸ்வரம் இரண்டுக்கும் நடுவே சரியும். இரண்டாம் துளையில் ஒரு முழு ஸ்வரம் வரையும், மூன்றாம் துளையில் ஒன்றரை ஸ்வரம் வரையும் சரிய இடம் இருக்கிறது. அதனால்தான் குறிப்பாக இந்த இரண்டும் தொல்லை தருகின்றன. டியூனரில் பாருங்கள்: 2 இழுத்தால் ‘ஜி’ காட்ட வேண்டும். ‘எஃப் ஷார்ப்’ பக்கம் ஊசி ஆடினால் கருவிக்கு ஒன்றும் இல்லை.

சரிசெய்யும் வழி: கொட்டாவி வரும்போது தொண்டை எப்படித் திறக்குமோ அப்படி வைத்துக்கொண்டு, தாடையைக் கீழே விட்டு, நாக்கைத் தட்டையாகப் போடுங்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல் இழுக்காதீர்கள். மூச்சு வயிற்றிலிருந்து தானாக உள்ளே வரட்டும், கருவி வழியில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நல்ல பயிற்சி உண்டு. 3 ஊதினாலும் 2 இழுத்தாலும் ஒரே ‘ஜி’தான், அதாவது ‘ப’. 3 ஊதி அந்த ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு 2 இழுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்கும்வரை வாயைத் தளர்த்துங்கள். ஒருநாள் திடீரென்று பட்டென்று திறக்கும், அப்புறம் மறக்காது.

விரல் சோதனையிலும் பேசவில்லை என்றால் மட்டும் கீழே ரீடு பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: 8, 9, 10 கீச்சிடுகின்றன, அல்லது காற்று மட்டும் போகிறது

மேல் ரீடுகள் மிகக் குட்டையானவை. பலமாக ஊதினால் அசையாமல் அடைத்துக்கொள்ளும். பேசவில்லையே என்று இன்னும் பலமாக ஊதுவோம், இன்னும் அடைக்கும். பாதி மூச்சாகக் குறையுங்கள். நாக்கின் முன்பகுதியை ‘ஈ’ என்று சொல்லும்போது இருக்கும் உயரத்தில் வையுங்கள். விசில் அடிக்கும்போது மேல் ஸ்தாயிக்கு நாக்கு எங்கே போகிறதோ, ஏறக்குறைய அங்கே.

இதோடு இன்னொரு குழப்பமும் சேரும். ஆறாம் துளை வரை இழுப்பது உயரம், ஊதுவது தாழ்வு. ஏழிலிருந்து தலைகீழ். அங்கே இழுத்தால் ‘நி’, ஊதினால் மேல் ‘ஸ’. ‘த’ முடிந்து ‘நி’ வரும் இடத்தில் மூச்சு மாறாமல் தொடர்ந்து இழுக்க வேண்டும், 6 இழு, 7 இழு. ஆரோகணம் வாசிக்கும்போது எல்லோரும் தடுக்கி விழும் படி இது. கருவியைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அமைப்பே அப்படி.

அறிகுறி: சீக்கிரம் மூச்சு வாங்குகிறது

காற்று போதவில்லை என்று நினைப்போம். பல சமயம் நிலைமை நேர்மாறு. தொடர்ந்து இழுக்கும் துளைகளாக வரும் பாட்டில் நுரையீரல் நிரம்பிவிடும், விட வழி இருக்காது. மூச்சை விட இடம் பார்த்து, ஒரு ஊதும் ஸ்வரத்தில் வேண்டுமென்றே அதிகமாக விடுங்கள், அல்லது வாக்கிய இடைவெளியில் மூக்கு வழியே வெளியேற்றுங்கள். ஆனால் வாசிக்கும்போது மூக்கு வழியே காற்று ஒழுகக் கூடாது. சந்தேகமாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி வாசித்துப் பாருங்கள். ஒலி சட்டென்று தடித்தால், இவ்வளவு நாளும் பாதிக் காற்று மூக்கில் போயிருக்கிறது.

தலை சுற்றினால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். அளவுக்கு மீறி மூச்சு விட்டதால் வருவது. கொஞ்ச நேரத்தில் தெளியும்.

அறிகுறி: பாட்டு பாதியில் நிற்கிறது, தேவையான ஸ்வரம் கருவியில் இல்லை

இல்லாமல்தான் இருக்கும். பத்துத் துளைக் கருவியில் ஏழு ஸ்வரமும் முழுதாக இருப்பது நடு ஸ்தாயியில் மட்டுமே, 4 முதல் 7 வரை. கீழ் ஸ்தாயியில் ‘ம’, ‘த’ இரண்டும் கிடையாது. மேலே ‘நி’ கிடையாது. ஜெர்மனியில் நாட்டுப்புறப் பாட்டுக்கும் கூடவே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அடிப்பதற்கும் ஏற்றபடி அமைந்த வரிசை இது. கீழே ஊதினால் ஒரு கார்டு, இழுத்தால் இன்னொரு கார்டு கிடைக்க வேண்டும் என்பதற்காக இரண்டு ஸ்வரங்களை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் முதல் தீர்வு, பாட்டை 4 ஊதிலிருந்து தொடங்குவது. ஸ ரி க ம ப த நி ஸ: 4 ஊது, 4 இழு, 5 ஊது, 5 இழு, 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது. இது சங்கராபரணம். மோகனத்துக்கு 4 ஊது, 4 இழு, 5 ஊது, 6 ஊது, 6 இழு, 7 ஊது. தொடக்கத்துக்கு மோகனத்தைவிட நல்ல ராகம் இந்தக் கருவியில் இல்லை. தடுமாறவைக்கும் அந்த 7 இழுவே வராது.

இரண்டாவது தீர்வு நம் ஆட்களுக்கு மட்டும் சட்டென்று புரியும்: கிரக பேதம். ஸட்ஜத்தை இடம் மாற்றுங்கள். கருவி மாறாது, ஸ்வரங்கள் மாறாது, ராகம் மாறும். 4 இழுவை ‘ஸ’ என்று வைத்து 5 ஊது, 5 இழு, 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, 8 இழு என்று போனால் கரகரப்பிரியா. அதிலேயே 4 இழு, 5 ஊது, 6 ஊது, 6 இழு, 7 ஊது, 8 இழு மட்டும் எடுத்தால் மத்தியமாவதி. 5 ஊதை ஸட்ஜமாக்கி 6 ஊது, 6 இழு, 7 ஊது, 8 இழு, 8 ஊது என்றால் ஹிந்தோளம். 5 இழுவிலிருந்து 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, 8 இழு, 8 ஊது, 9 இழு வரை கல்யாணி. 6 ஊதிலிருந்து 9 ஊது வரை அரிகாம்போதி. 6 இழுவிலிருந்து 10 இழு வரை நடபைரவி. ஒரு ஸ்வரத்தைக்கூட வளைக்காமல் இத்தனையும் கிடைக்கின்றன. தோடியின் ஸ்வரங்களும் 5 ஊதிலிருந்து வரிசையாகக் கிடைக்கும். ஆனால் கமகம் இல்லாமல் அதைத் தோடி என்று சொன்னால் கேட்பவர்கள் அடிக்க வருவார்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். சுருதி இல்லாமல் வாசித்தால் காது பழக்க தோஷத்தில் 4 ஊதையே ஸட்ஜமாக எடுத்துக்கொண்டு, ராகம் சங்கராபரணத்துக்குத் திரும்பிவிடும். மொபைலில் தம்புரா செயலியைப் போடுங்கள். ‘சி’ கருவியில் 4 இழு ஸட்ஜம் என்றால் இரண்டு கட்டை, 5 ஊது என்றால் மூன்று, 5 இழு என்றால் நாலு, 6 ஊது ஐந்து, 6 இழு ஆறு கட்டை. சுருதி ஓடத் தொடங்கியதும் ராகம் தானாக நிமிர்ந்து நிற்கும்.

சரி, சரளி வரிசை வாசிக்க ஆசைப்படுகிறவர்கள்? அது மாயாமாளவகௌளை. ‘ரி’யும் ‘த’வும் சுத்தமாக, அதாவது அரை ஸ்வரம் தாழ்ந்து வர வேண்டும். நேரடியாக இந்தக் கருவியில் இல்லை. ஆனால் 4 இழு, 6 இழு இரண்டுமே சரியாக அரை ஸ்வரம் வளையக்கூடிய துளைகள். பெண்டிங் கைவந்த பிறகு நடு ஸ்தாயியில் மாயாமாளவகௌளை முழுதாகக் கிடைக்கும். முதல் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், மனம் விட்டுப்போகும்.

அறிகுறி: வாசிப்பது சரியாக இருக்கிறது, பாட்டோடு சேர்த்தால் ஒட்டவில்லை

கட்டை வேறு. பாட்டு எந்தச் சுருதியில் பதிவாகியிருக்கிறதோ அதற்கு ஏற்ற ஸ்கேல் கருவி வேண்டும். ஒரு கட்டைக்கு ‘சி’, இரண்டுக்கு ‘டி’, ஐந்துக்கு ‘ஜி’, ஆறுக்கு ‘ஏ’ என்று போகும். கரோக்கே ட்ராக்கோடு வாசிப்பவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கருவி வாங்க வேண்டியதில்லை; சுருதியை மாற்றித் தரும் செயலியில் ட்ராக்கை உங்கள் கருவிக்கு இறக்கிக்கொள்ளலாம். உடன் பாடுகிறவர் இருந்தால் அவருடைய கட்டைதான் சட்டம். ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைப் பக்கமும், பெண்கள் ஐந்து கட்டைப் பக்கமும் பாடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஐந்து கட்டைப் பாட்டுக்கு ‘ஜி’யும் பொருந்தும், ப்ளூஸ்காரர்கள் செய்வது போல் ‘சி’ கருவியையே 2 இழுவிலிருந்து ஸட்ஜமாக வைத்தும் வாசிக்கலாம்.

ஸ்கேல் சரிதான், ஆனாலும் டியூனரில் துளி ஏறி நிற்கிறதா? மென்மையாக ஊதினால் ஒலி கொஞ்சம் ஏறியும், அழுத்தி ஊதினால் இறங்கியும் வரும். வாசிப்பவர் அழுத்துவார் என்று தெரிந்தே பல நிறுவனங்கள் பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே டியூன் செய்கின்றன. அதேபோல் சில மாடல்களில் 2, 5, 8 ஊதும் ‘க’ வேண்டுமென்றே சற்றுத் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கும், கார்டு இனிமையாகச் சேர வேண்டும் என்பதற்காக. இதையெல்லாம் ‘சரிசெய்ய’ அரத்தைத் தூக்காதீர்கள்.

அறிகுறி: பெண்டிங் வரவே இல்லை

4 இழுவில் தொடங்குங்கள். சுத்தமான ஒற்றை ஸ்வரம் முதலில் வேண்டும். அது வராமல் இது வராது. இழுத்துக்கொண்டே வாய்க்குள் ‘ஈ’ என்பதிலிருந்து ‘ஊ’ என்பதற்கு நாக்கை மாற்றுங்கள். நாக்கின் நடுப்பகுதி பின்னோக்கி, கீழ்நோக்கிச் சரியும். உதடு அசையக் கூடாது, மூச்சின் பலமும் கூடக் கூடாது. பலமாக இழுத்து ரீடை அமுக்கிவிடலாம் என்று முயல்பவர்கள் ரீடைத்தான் உடைப்பார்கள்.

5 இழு, 7 இழு இரண்டையும் வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அந்தத் துளைகளில் இரண்டு ரீடுகளுக்கும் இடையே அரை ஸ்வரம்தான் இடைவெளி; சரிய இடமே இல்லை. 8, 9, 10 துளைகளில் இழுப்பதை வளைக்க முடியாது, ஊதுவதைத்தான் வளைக்க முடியும்.

கருவியும் இதில் காரணமாக இருக்கலாம். மலிவான கருவிகளில் ரீடு பொருத்திய தகட்டுக்கும், துளைகள் உள்ள நடுச்சட்டத்துக்கும் இடையே காற்று ஒழுகும். நேர் ஸ்வரம் வரும், வளைவு வராது. நன்றாக வளைக்கத் தெரிந்தவர் யாராவது அதே ஸ்கேலில் தன் கருவியில் வளைப்பதைப் பாருங்கள். பெண்டிங்குக்கென்றே வாங்குவதாக இருந்தால் ‘சி’யைவிட ‘ஏ’ அல்லது ‘ஜி’ கருவியில் கீழ் ரீடுகள் நீளம், நிதானமாக வளையும். உயர்ந்த ‘எஃப்’ போன்ற ஸ்கேலில் ஆரம்பிக்காதீர்கள்.

அறிகுறி: நேற்று வரை பேசிய துளை இன்று பேசவில்லை, அல்லது கரகரக்கிறது

இப்போதுதான் கருவியைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் எச்சில், சட்டைப்பையின் பஞ்சு, முறுக்குத் துணுக்கு. சாப்பிட்டவுடன் வாய் கொப்பளிக்காமல் வாசிப்பவர்களுக்கு இது நித்தியப்படி.

துளைகள் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் நான்கைந்து முறை தட்டுங்கள். ஏசி அறையில் குளிர்ந்திருந்தால் உள்ளே மூச்சின் ஈரம் நீராகப் படியும். கைக்குள் சற்று நேரம் பொத்தி வெதுவெதுப்பாக்கிய பிறகு வாசியுங்கள். அந்தத் துளையில் வேகமாக ஊதி இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் நடுச்சட்டம் உள்ள கருவியென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, உதறி, துளைகள் கீழே இருக்கும்படி காயவைக்கலாம். வெந்நீர் கூடாது. மரச்சட்டமாக இருந்தால் தண்ணீரே கூடாது. மரம் ஊறிப் பருத்து, துளைகளின் ஓரம் பற்கள் போல வெளியே நீண்டு உதட்டைக் கிழிக்கும்.

அப்படியும் சரியாகவில்லையா? மேலும் கீழும் உள்ள மூடித் தகடுகளைக் கழற்றுங்கள். கீழ்ப்பக்க ரீடுத் தகட்டில் வெளியே தெரிகிற ரீடுகள் இழுக்கும் ரீடுகள். ஊதும் ரீடுகள் மேல் ரீடுத் தகட்டின் உட்பக்கம் இருக்கும்; வெளியிலிருந்து அவற்றின் பள்ளம் மட்டும் தெரியும். ஆகவே ‘இழுத்தால்’ மட்டும் கோளாறு என்றால் பாதி வேலை மிச்சம். ரீடை மரக்குச்சியின் நுனியால் மெல்லத் தூக்கி விடுங்கள். ‘டிங்’ என்று அதிர்ந்தால் நல்லது. மொட்டையாக ‘டக்’ என்றால் ஏதோ உரசுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ரீடின் இரு பக்கமும் முடி அளவு இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். தூசு இருந்தால் ரீடின் ஆணிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மட்டும் தள்ளுங்கள். துணியால் துடைத்தால் நூல் மாட்டி ரீடு வளையும்.

தூசு இல்லை, ஒலி மட்டும் சரியில்லை என்றால் ரீடின் நுனிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறக்குறைய ரீடின் கனம் அளவு இருக்க வேண்டும், கீழ் ஸ்வரங்களுக்குச் சற்று அதிகம். மென்மையாக வாசித்தால் பேசி, அழுத்தினால் அடைத்துக்கொள்கிறது என்றால் இடைவெளி குறைவு. அழுத்தினால் பேசி, மென்மையாக வாசித்தால் வெறும் காற்று வருகிறது என்றால் இடைவெளி அதிகம். குச்சியால் தேவையான பக்கம் லேசாக அழுத்தி, விட்டு, வாசித்துப் பார்த்து, மறுபடி அழுத்துங்கள். பித்தளைக்கு நினைவு இருக்கிறது. ஒரே அமுக்கில் மடங்கினால் நேராகாது.

அறிகுறி: ஒரு ஸ்வரம் மட்டும் இறங்கிப்போய்விட்டது

மாதக்கணக்கில் அடித்து வாசித்த கருவியில் வரும். ரீடு களைத்து, ஆணிக்கு அருகே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கும். நுனியில் மிக லேசாகச் சுரண்டினால் ஸ்வரம் ஏறும், ஆணிப் பக்கம் சுரண்டினால் இறங்கும் என்பது டியூன் செய்கிறவர்களின் பாலபாடம். ஆனால் விரிசல் விட்ட ரீடை ஏற்றிவைத்தாலும் சில நாளில் மறுபடி இறங்கி, பிறகு உடைந்தே போகும். சுரண்டிப் பழகுவதற்கு அந்தக் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்க வேறு எடுங்கள். ரீடுத் தகடு தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் தகட்டை மட்டும் மாற்றலாம். லீ ஆஸ்கர் என்ற பிராண்டின் கருவிகள் இதற்காகவே பேர்போனவை.

எந்தக் கருவி வாங்கினால் இந்தத் தொல்லைகள் குறையும்

முதல் கருவி ‘சி’ ஸ்கேல், பத்துத் துளை, பிளாஸ்டிக் நடுச்சட்டம், ஆணி அடிக்காமல் ஸ்குரூ போட்டது. இந்த நான்கும் இருந்தால் போதும். ஹோனர் நிறுவனத்தின் ஸ்பெஷல் 20 மாடல் இந்தக் கணக்குக்குச் சரியாக வரும். சீனத் தயாரிப்பான ஈஸ்ட்டாப்பிலும் குறைந்த விலையில் காற்று ஒழுகாத கருவிகள் கிடைக்கின்றன. 1896இல் வந்த ஹோனரின் மெரீன் பேண்ட் மாடலின் பழைய வடிவம் பேரிக்காய் மரச்சட்டமும் ஆணியுமாக இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒலி அருமை; ஆனால் தகட்டின் ஓரம் மீசை வைத்தவர்களுக்குச் சோதனை, நம் ஊர் ஈரக்காற்றில் மரமும் சும்மா இருக்காது. பழகிய பிறகு வாங்கலாம். சைடெல் நிறுவனம் தன் சில மாடல்களில் ஸ்டீல் ரீடு போடுகிறது, அது இன்னும் விலை.

பொம்மைக் கடைக் கருவியில் ஆரம்பித்து, ‘வந்தால் நல்லது வாங்குவோம்’ என்பது சிக்கனம் போலத் தெரியும். காற்று ஒழுகும் கருவியில் உங்கள் தவறு எது, அதன் தவறு எது என்று பிரிக்கவே முடியாது. மேலே சொன்ன சோதனைகள் எதுவும் உதவாது. அதேபோல் ஏழு ஸ்கேல், பன்னிரண்டு ஸ்கேல் என்று ஒரே பெட்டியில் மலிவாக வரும் செட்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்லதாக ஒன்று.

அரை ஸ்வரம் எல்லாமும் வேண்டும், கர்நாடக சங்கீதமோ வளைந்து போகும் மெலடியோ வாசித்தே தீர வேண்டும் என்றால் குரோமேட்டிக். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்வரமும் அரை ஸ்வரம் ஏறும். பன்னிரண்டு துளை, 48 ரீடு, விலையும் பல மடங்கு. அதற்கென்று தனிக் கோளாறுகளும் உண்டு. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு படபடக்கும், பொத்தான் எச்சிலில் பிசுபிசுத்து நிற்கும். வாசிக்கும் முன் கையில் வைத்துச் சூடாக்கினால் முதல் தொல்லை பாதி குறையும். பொத்தானின் சட்டத்தைக் கழற்றித் துடைப்பது வாங்கியவர் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. முழுக் கருவியையும் தண்ணீரில் போடக் கூடாது.

கடையில் வாய்வைத்துப் பார்த்து வாங்குவதும் வேண்டாம், வேறொருவர் வாய்வைத்ததை வாங்குவதும் வேண்டாம். சில கடைகளில் கையால் அமுக்கும் துருத்தி வைத்திருப்பார்கள். அதில் இருபது ரீடுகளையும் சோதித்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திருப்பித் தரும் வசதி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பரணில் தாத்தாவின் கருவி ஒன்று கிடைத்திருந்தால், ஆசையில் உடனே வாயில் வைக்காதீர்கள். மூடித் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் மூச்சை உள்ளே இழுக்கவே கூடாது, களிம்புத் தூள் நேரே தொண்டைக்குப் போகும். ஆணி அடித்த மாடல் என்றால் மெல்லிய கத்தியை ஓரத்தில் விட்டு, ஒவ்வொரு ஆணியாகச் சிறிது சிறிதாக நெம்புங்கள். ஆணிகளை எடுத்த வரிசையிலேயே காகிதத்தில் குத்திவைத்தால் திரும்பப் போடும்போது அதனதன் ஓட்டையில் இறுக்கமாக உட்காரும்.